உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம்

"பிள்ளை, இதுக்கு எவ்வளவு நேரம் செல்லும்?"

குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க வருபவர்கள் தாதியிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நோகுமா என்பது அதற்கடுத்த கேள்வி. கப்பல்துறையிலிருந்து கண்டி வீதியால் பஸ் பிடித்துத் திருகோணமலை நகருக்கு வந்திருக்கும் ஓர் அம்மாவுக்கு அந்தக் கேள்விக்குள் பல கணக்குகள் இருக்கும். திரும்பிப் போகும் பஸ், பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரப்பிள்ளை, துணைக்கு வந்த மகனின் அன்றைய கூலி. "அரை மணித்தியாலம் அம்மா" என்று தாதி சொல்வார். சொன்னதில் பொய்யில்லை. ஆனால் ஒருவருக்குப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற இந்தக் கொலனோஸ்கோபி, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஒரு மணித்தியாலத்தைத் தொடுவதும் உண்டு. வைத்தியரும் கருவியும் அறையும் ஒன்றாக இருந்தும் இப்படி ஆகிறது.

இந்த நேரத்தை ஒரே துண்டாக எண்ணினால் எதுவும் விளங்காது. இரண்டாகப் பிரிக்க வேண்டும். கமராக் குழாய் மலவாயிலிலிருந்து பெருங்குடலின் மறுமுனையான குருட்டுக்குடல்வரை போய்ச் சேரும் நேரம் ஒன்று. அங்கிருந்து மெல்ல மெல்லப் பின்னால் இழுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு வெளியே வரும் நேரம் மற்றது. நோயைத் தேடும் வேலை முக்கியமாக நடப்பது வரும் வழியில்தான். அதனால் முதலாவது குறைவாக இருப்பது எல்லோருக்கும் நல்லது. இரண்டாவது குறைந்தால் நோயாளிக்கு நட்டம்.

முதலில் போகும் வழி. வளர்ந்தவரின் பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளம். குழாய் 130 முதல் 170 சென்ரிமீற்றர் வரை நீளமும் 12, 13 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது. எனவே எட்டாமல் போவது அபூர்வம். சிக்கல், குடல் எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே தொங்குகிறது என்பதில் இருக்கிறது. வலப்பக்கம் மேலேறும் பகுதியும் இடப்பக்கம் கீழிறங்கும் பகுதியும் வயிற்றின் பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கின்றன. நடுவே குறுக்காகப் போகும் பகுதியும், மலக்குடலுக்குச் சற்று மேலே வளைந்து கிடக்கும் சிக்மொயிட் பகுதியும் மெல்லிய சவ்வொன்றில் தொங்குபவை. அவை அசையும், இழுபடும்.

குழாயை வெளியிலிருந்து தள்ளும்போது, தொங்கும் சிக்மொயிட் பகுதி விசையை வாங்கிக்கொண்டு வில்லாக வளையும். வெளியே இருபது சென்ரிமீற்றர் தள்ளியிருப்பார்கள், உள்ளே முனை ஓர் அங்குலம்கூட நகர்ந்திராது. சில வேளை பின்னுக்கே வந்துவிடும். நோயாளி முனகுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். குடலின் உட்சுவரில் கிள்ளினால்கூடத் தெரியாது. அதனால்தான் உள்ளிருந்து சதைத்துண்டு எடுப்பதை நோயாளி உணர்வதில்லை. ஆனால் குடலும் அதைத் தாங்கும் சவ்வும் இழுபட்டால் நன்றாக நோகும்.

இந்த வளையத்தை அவிழ்ப்பதில்தான் கைதேர்ந்தவருக்கும் பழகுபவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பழகுபவர் தள்ளுவார். தேர்ந்தவர் குழாயை வலஞ்சுழியாகத் திருகியபடி பின்னால் இழுப்பார். பாவாடைக்கு நாடா கோர்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். ஊக்கைத் தள்ளிக்கொண்டே போனால் வேலை நடக்காது, துணியை ஊக்கின்மேல் சுருக்கிச் சுருக்கிப் பின்னால் இழுத்துவிட வேண்டும். அப்படிக் குடலைக் குழாயின்மேல் சுருக்கிக்கொண்டு போனால், ஒன்றரை மீற்றர்க் குடலின் மறுமுனைக்கு வெறும் 70, 80 சென்ரிமீற்றர்க் குழாயோடு போய்ச் சேரலாம். தேர்ந்த கைகளுக்கு இது பத்து நிமிடத்துக்குள் அடங்குவது வழக்கம். இந்தக் கைப்பழக்கம் புத்தகத்தால் வராது. 200 முதல் 300 பரிசோதனைகள் செய்த பிறகே ஒருவர் தனியாக நம்பி விடக்கூடிய நிலைக்கு வருகிறார் என்பது பயிற்சி அமைப்புகள் பலவற்றின் கணிப்பு. போதனா வைத்தியசாலையில் உங்கள் பரிசோதனை சற்று இழுத்தால், நாளைய வைத்தியர் ஒருவர் அங்கே கை பழகிக்கொண்டிருக்கக்கூடும். எங்காவது ஒருவர் பழகத்தானே வேண்டும்.

கை ஒருபுறம் இருக்க, உடம்புக்கும் இதில் பங்குண்டு. ஒல்லியான பெண்ணுக்கு விரைவில் முடிந்துவிடும் என்று வரிசையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. லண்டன் சென்ட் மார்க்ஸ் வைத்தியசாலையின் பிரையன் சோண்டர்ஸும் கூட்டாளிகளும் பேரியம் எக்ஸ்ரே படங்களில் குடலை அளந்து 1996 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயரம் குறைந்தவர்களாக இருந்தும் பெண்களின் பெருங்குடல் சராசரியாக 155 சென்ரிமீற்றர் நீளம், ஆண்களுடையது 145. அதைவிட முக்கியமானது குறுக்குக்குடல் எங்கே தொங்குகிறது என்பது. பெண்களில் 62 வீதமானோருக்கு அது இடுப்பெலும்புக் குழிவரை தாழ்ந்து கிடந்தது. ஆண்களில் 26 வீதமானோருக்கே அப்படி. நீளம் கூடிய ஒன்றைச் சிறிய இடத்துக்குள் அடக்கினால் மடிப்புகளும் கூர்வளைவுகளும் கூடத்தான் செய்யும். மெலிந்த உடம்பில் குடலைச் சுற்றித் தாங்கும் கொழுப்பும் குறைவு, ஆகவே குழாய் போகும் பக்கமெல்லாம் குடலும் வளைந்து கொடுக்கிறது. தொந்தி வைத்த ஆணுக்குச் சில வேளை இலகுவாக முடிவது இதனால்தான். தொந்திக்குக் கிடைக்கும் பாராட்டுகள் குறைவு, இதையாவது சொல்லி வைப்போம்.

கர்ப்பப்பை எடுத்த சத்திரசிகிச்சை இன்னொரு காரணம். வெட்டித் தைத்த இடத்தில் தழும்புத் திசு உருவாகி, தொங்கிக்கொண்டிருக்க வேண்டிய சிக்மொயிட் குடலை இடுப்போடு ஒட்டிவிடும். பிறகு அந்த வளைவை நிமிர்த்த முடியாது, அதற்குள்ளால் நெளிந்துதான் போக வேண்டும். "ஒப்பரேஷன் ஏதும் செய்ததா?" என்று கேட்கும்போது இருபது வருடத்துக்கு முந்திய கதை எதற்கு என்று நம் அம்மாமார் விட்டுவிடுவதுண்டு. சொல்லிவிட்டால் மெல்லிய குழாயை எடுப்பதா, மயக்க மருந்தை எப்படி அளப்பது என்று முன்கூட்டியே யோசிக்க வைத்தியருக்கு வழியிருக்கும். நாட்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களின் குடல் நீண்டு தளர்ந்திருப்பதும், முதியவர்கள் பலரின் குடற்சுவரில் சிறு பைகள் விழுந்திருப்பதும் வழியைக் கடினமாக்குபவைதான்.

இவற்றுக்கெல்லாம் மாற்று வழிகள் உண்டு. இடப்பக்கம் சரிந்து படுத்திருப்பவரை மல்லாக்கத் திருப்புவார்கள். தாதி உள்ளங்கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடிப்பார். அந்தக் கை சரியான இடத்தில் விழுந்தால் வளையம் உருவாகவே இடமிருக்காது. எத்தனையோ பரிசோதனைகள் குருட்டுக்குடலை எட்டுவது தாதியின் கையால்தான், ஆனால் அறிக்கையில் அவர் பெயர் வருவதில்லை. குடலை விரிக்கச் சாதாரண காற்றுக்குப் பதில் காபனீரொக்சைட்டை விட்டால் அது குடற்சுவரால் விரைவாக உறிஞ்சப்பட்டு மூச்சோடு வெளியேறிவிடும், பரிசோதனைக்குப் பிந்திய வயிற்றுப் பொருமல் குறையும். காற்றே விடாமல் தண்ணீரை விட்டுக்கொண்டு போகும் முறையும் இருக்கிறது. அதில் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி நல்ல தண்ணீரை விட்டபடி போவதால் உள்ளே போகும் நேரம் கூடும், ஆனால் நோவு குறையும், குடலும் கழுவுப்பட்டு விடும். குறைந்த நேரம் எப்போதும் நல்ல நேரமல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஒன்றரை மீற்றர் இருட்டுக்குள் வளைந்து போய்ப் பார்ப்பது என்ற எண்ணமே நூறு வருடத்துக்கு முன் நடவாத காரியம். 1954 இல் ஹரோல்ட் ஹொப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்து லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த நரிந்தர் சிங் கபானியும், வளையும் கண்ணாடி நார்க் கற்றையினூடாக ஒரு படத்தைக் கடத்தலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். மூன்று வருடத்தில் பசில் ஹிர்ஷோவிட்ஸ் அதைக்கொண்டு இரைப்பையைப் பார்த்தார். 1969 இல் நியூயோர்க்கின் பெத் இஸ்ரேல் வைத்தியசாலையில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வூல்ஃபும் வயிற்றைத் திறக்காமலே, குழாயினூடாகக் கம்பிக் கண்ணியை விட்டு, பெருங்குடலுக்குள் இருந்த பொலிப்பை அறுத்தெடுத்தார்கள். பார்ப்பதற்கு மட்டுமாக இருந்த கருவி அதோடு சிகிச்சைக் கருவியும் ஆனது. பெருங்குடற் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பொலிப் எனப்படும் சிறு வளர்ச்சிகளிலிருந்து தொடங்குகின்றன. பொலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடமளவு செல்லும். அதற்குள் கண்டு அறுத்துவிட்டால் அந்தப் பொலிப்பிலிருந்து நோய் வரவே போவதில்லை.

கண்டால்தானே அறுக்கலாம்? வெளியே வரும் நேரம் முக்கியமாவது இங்கேதான்.

பெருங்குடலின் உட்புறம் வழுவழுப்பான குழாயல்ல. அரைவட்ட மடிப்புகள் வரிசையாக உள்நோக்கி நிற்கின்றன. ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் கமராவின் கண்ணுக்குப் படாத ஓர் இடம் இருக்கிறது. முனையை வளைத்து அந்த மறைவைப் பார்க்க வேண்டும், தேங்கியதை உறிஞ்ச வேண்டும், சளி படிந்த இடத்தைக் கழுவ வேண்டும், சுருங்கிய இடத்தை விரிக்க வேண்டும். வலப்பக்கக் குடலில் பொலிப்புகள் தட்டையாகச் சுவரோடு சுவராகக் கிடப்பது அதிகம் என்பதால் அங்கே இரண்டாம் தடவையும் போய்ப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ரொக்போர்ட் நகரில் ஒன்றாகத் தொழில் பார்த்த 12 குடல்நோய் நிபுணர்களின் பரிசோதனைகளை ரொபேர்ட் பார்க்ளேயும் கூட்டாளிகளும் கணக்கெடுத்து 2006 இல் வெளியிட்டார்கள். அறுக்க எதுவும் இல்லாத பரிசோதனைகளில் அவர்கள் குழாயை வெளியே எடுத்த சராசரி நேரம் ஆளுக்காள் 3.1 நிமிடம் முதல் 16.8 நிமிடம்வரை வேறுபட்டது. ஒரே ஊர், ஒரே மாதிரி நோயாளிகள், ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் தங்கள் நோயாளிகளில் 28.3 வீதமானோரிடம் புற்றாகக்கூடிய வளர்ச்சிகளைக் கண்டார்கள். ஆறு நிமிடத்துக்குக் குறைவாக எடுத்தவர்கள் கண்டது 11.8 வீதமானோரிடமே. விரைவாக முடித்தவர்களின் நோயாளிகளுக்குப் பொலிப் குறைவாக இருந்திருக்க நியாயமில்லை. இருந்தன, கண்ணில் படவில்லை.

ஆறு நிமிடம் என்பது அதற்கு முன்பே பரிந்துரையாக இருந்ததுதான், இந்த ஆய்வோடு அது உலகெங்கும் பிடித்துக்கொண்டது. பிறகு சீனாவில் நடந்த ஒரு பரிசோதனையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆறு நிமிடமும் மற்றதற்கு ஒன்பது நிமிடமும் எடுத்துப் பார்த்தபோது, புற்றாகக்கூடிய அடினோமா வகைப் பொலிப் காணப்பட்ட நோயாளிகளின் வீதம் 27.1 இலிருந்து 36.6 ஆக உயர்ந்தது. அமெரிக்க நிபுணர் சங்கங்கள் 2024 இல் சராசரி எட்டு நிமிடமாவது இருக்க வேண்டும் என்று அளவை உயர்த்தின.

அப்படியானால் சுவரில் ஒரு மணிக்கூட்டை மாட்டிவிட்டால் போதுமா? பொஸ்டன் நகரில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். ஏழு நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று நிறுவனம் முழுவதற்கும் விதி போட்டார்கள். 42 வைத்தியர்கள், 23,000க்கு மேற்பட்ட பரிசோதனைகள். விதியைப் பின்பற்றியவர்களின் வீதம் 65 இலிருந்து ஏறத்தாழ 100 ஆனது. கண்டுபிடித்த பொலிப்புகளின் வீதமோ அசையவில்லை. 2008 இல் வெளியான இந்த முடிவு எனக்கு ரொக்போர்ட் முடிவைவிடப் பெரிய பாடமாகத் தெரிகிறது. ஏழு நிமிடமும் மடிப்புக்குப் பின்னால் பார்க்காமல் நேரத்தை ஓட்டிவிட ஒருவரால் முடியும். நேரம் கவனத்தின் ஓர் அடையாளமே தவிர, கவனமாகிவிடாது. ஆகவே இன்று ஒரு வைத்தியரை மதிப்பிட நிமிடத்தைவிட, நூறு பேரைப் பார்த்தால் எத்தனை பேரிடம் அடினோமா காண்கிறார் என்பதையே அதிகம் பார்க்கிறார்கள். கலிபோர்னியாவில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஆய்வில், அந்த வீதம் ஒன்று கூடும்போதெல்லாம் பின்னாளில் அந்த நோயாளிகளுக்குப் புற்றுநோய் வரும் ஆபத்து மூன்று வீதம் குறைந்தது.

பொலிப் கண்ணில் படாமல் போகக் களைப்பும் ஒரு காரணம். காலையில் கண்டதைவிடப் பின்னேரம் காண்பது குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. காலையும் மாலையும் வெவ்வேறு வைத்தியர்கள் செய்தால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. அரச வைத்தியசாலைகளில் ஒரே வைத்தியர் ஒப்பரேஷன் தியேட்டரையும் வாட்டையும் கிளினிக்கையும் பார்த்துவிட்டு வந்து கமராவையும் பிடிக்கும் நிலை இருக்கிறது. வெளியே வாங்கில் இருப்பவர்களின் எண்ணிக்கை கூடும்போது சுருங்கக்கூடியது எந்த நேரம்? உள்ளே போகும் நேரத்தை நினைத்தபடி சுருக்க முடியாது, அதைக் குடலும் கைப்பழக்கமும்தான் தீர்மானிக்கின்றன. வெளியே வரும் நேரத்தைத்தான் சுருக்கலாம். வரிசையில் இருந்து அவசரப்படுத்தும் நாங்கள் சுருக்கச் சொல்வதும் அதைத்தான்.

இவ்வளவு நேரமும் பேசியது பரிசோதனை அறைக்குள் நடப்பது. ஆனால் நேரத்தில் ஒரு பெரும் பங்கு முதல்நாள் இரவு நோயாளியின் வீட்டில் தீர்மானமாகிவிடுகிறது.

குழாயின் உறிஞ்சும் வழி 3.7 மில்லிமீற்றர் அளவே அகலமானது. அதனூடாகப் போகாதவை என்னென்ன என்று நம் சமையலறையிலேயே பட்டியல் போடலாம். கீரை நார், தக்காளி விதை, கொய்யா விதை, குரக்கன் தவிடு, முருங்கைக்காய்ச் சக்கை, இவற்றோடு தேங்காய்ப்பூ. பிட்டிலும் சம்பலிலும் சுண்டலிலும் தேங்காய்ப்பூ இல்லாத நாள் நமக்கு ஏது? மருந்தைச் சரியாகக் குடித்தவரின் குடலிலும் தேங்காய்த் துகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், உறிஞ்சினால் வழி அடைக்கும், கழுவி எடுக்க நிமிடங்கள் போகும். இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே சக்கையில்லாச் சாப்பாடு என்று தாளில் எழுதிக் கொடுப்பது இதற்காகத்தான். வெள்ளைச் சோறும் தெளிந்த சொதியும் மீனும் சாப்பிடலாம். சிவப்பரிசிச் சோறு உடம்புக்கு நல்லதென்று அந்த இரண்டு நாளும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. கடைசி நாள் இளநீர், பால் விடாத தேத்தண்ணி, தெளிந்த கஞ்சித்தண்ணி. சிவப்புச் சோடா வேண்டாம், உள்ளே அது இரத்தம் போலத் தெரியும். இரும்புச்சத்துக் குளிசை போடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று முன்பே கேட்க வேண்டும், அது மலத்தைக் கறுப்பாக்கிச் சுவரில் பூசிவிடும்.

பேதிக்குக் குடிப்பது நமக்குப் புதிதல்ல. கப்பல்துறையில் ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. இரண்டு மரபிலும் குடலைச் சுத்தி செய்வது பழைய முறை. அதனால் "நான் வருசத்துக்கொருக்கால் ஆமணக்கெண்ணெய் குடிக்கிறனான்" என்று சொல்லி, தந்த மருந்தில் பாதியை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆமணக்கெண்ணெயும் நிலாவாரையும் குடலைத் தூண்டித் தள்ளவைப்பவை. தண்ணீரில் கரைத்துத் தரும் பொலிஎதிலீன் கிளைகோல் தூள் வேறு விதமாக வேலை செய்கிறது. அது உடம்பில் உறிஞ்சப்படாமல், தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டு, குடலின் நீளம் முழுவதையும் அலசிக்கொண்டு போகிறது. லீற்றர் கணக்கில் குடிக்கச் சொல்வது அந்தத் தண்ணீரே மருந்தின் பாதி என்பதால்.

குடிக்கும் நேரமும் கணக்கு. மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முதல்நாள் இரவும், மறு பாதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு முன்பும் குடிப்பதே சிறந்தது என்று இன்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இரவே குடித்துவிட்டால், விடியுமுன் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் வடிந்து வலப்பக்கக் குடலில் பூசிக்கொள்ளும். தட்டைப் பொலிப்புகள் ஒளிந்திருக்கும் அதே இடம்.

இது ஏட்டில் எழுத இலகு. காலை ஒன்பது மணிக்குத் திகதி என்றால் அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் குடிக்க வேண்டும், பிறகு பஸ் ஏற வேண்டும். கப்பல்துறையிலிருந்து திருகோணமலை நகரம் என்றால் எப்படியாவது சமாளிக்கலாம். கண்டியில் திகதி கிடைத்தவருக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். கொழும்புக்கு இரவு அஞ்சல் ரயிலில் போகிறவர் இரண்டாம் பாதியை எங்கே குடிப்பார், எங்கே போவார்? வீட்டுக்கு வெளியே தள்ளிக் கழிப்பறை இருக்கும் வளவில், இரவில் பத்துத் தடவை இறங்கி நடக்கப் பயந்து, முழங்கால் நோவுள்ள முதியவர்கள் கோப்பையைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதைச் சோம்பல் என்றோ அலட்சியம் என்றோ சொல்வது அநியாயம். தூரத்திலிருந்து வருபவரை முதல்நாளே வாட்டில் அனுமதிப்பது, அல்லது அவருக்குப் பின்னேரத் திகதி கொடுப்பது, புதுக் கருவி வாங்குவதைவிட மலிவான வழிகள். உறவினர் வீடு பக்கத்தில் இருந்தால் அங்கே தங்குவதும் நல்லதுதான், கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு. நீரிழிவு உள்ளவர்களின் குடல் மெதுவாக நகரும், அவர்களுக்கு மருந்தின் அளவும் நேரமும் வேறாகலாம். இன்சுலினையும் குளிசையையும் அன்றைக்கு எப்படி எடுப்பது என்பதையும் அவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடல் எவ்வளவு துப்புரவு என்பதற்குப் பொஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2009 இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். குடலை வலம், நடு, இடம் என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சைபர் முதல் மூன்றுவரை புள்ளி, மொத்தம் ஒன்பது. ஒவ்வொரு பகுதியும் குறைந்தது இரண்டு புள்ளியாவது எடுத்தால்தான் பார்த்தது பார்த்ததாகக் கணக்கு. புள்ளி குறைந்த குடலில் கழுவுவதற்கே நேரம் போகிறது. போகும் வழியும் நீள்கிறது, வரும் வழியில் பார்ப்பதற்கான நேரம் கழுவுவதில் கரைகிறது. எனவே நேரம் கூடியும் பலன் குறைந்த பரிசோதனை அது.

இலங்கையில் பெருங்குடற் புற்றுநோய் இப்போது முன்னணிப் புற்றுநோய்களில் ஒன்று. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்து வைத்தியர்கள் பல வருடங்களுக்கு முன்பே, இங்கே ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களிடமும் இந்நோய் கணிசமாகக் காணப்படுவதை எழுதியிருக்கிறார்கள். மலத்தோடு இரத்தம் போனால் மூலம் என்று முடிவுகட்டி மருந்துக்கடையில் களிம்பு வாங்கும் வழக்கம் நமக்கு உண்டு. கமராவுக்குத் திகதி எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு அரை மணித்தியாலமா ஒரு மணித்தியாலமா என்பது பெரிய பிரச்சினையாக இருக்கக் கூடாது. எப்படியும் அன்றைய நாள் போய்விடும். மயக்க மருந்து தெளிய ஒன்றிரண்டு மணித்தியாலம் செல்லும், அன்று முழுவதும் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும்.

முடிந்த பிறகு கையில் தரும் அறிக்கையில் மூன்று விடயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழாய் குருட்டுக்குடல்வரை போனதா, குடல் எவ்வளவு துப்புரவாக இருந்தது, வெளியே எடுக்க எத்தனை நிமிடம் சென்றது. பொலிப் இருந்து அறுத்திருந்தால் அந்த நேரம் கூடியிருக்கும், அது தனிக் கணக்கு. துப்புரவு போதாது என்று எழுதியிருந்தால், ஒன்றும் இல்லை என்ற வரியை நம்பி ஐந்து, பத்து வருடம் இருந்துவிட முடியாது. ஒரு வருடத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். அடுத்த திகதியை அன்றைக்கே கேட்டு எழுதிக்கொண்டு வருவது வசதி.